யுராக்ராஹுவின் தலை

கெச்சுவா மொழியில் யுராக்ராஹு என்றால் வெண்பனிச் சிகரம். அந்தப் பேர் போய்விடுமோ என்று மலைக்கு ஒரே கவலை. தானே குனிந்து பார்க்கப் பயம். விடிந்ததும் அடிவாரத்து ஏரிகள் இரண்டையும் கேட்கும்.

"அண்ணே, ஒரு பொட்டுப் பனிகூடக் குறையலை!" என்றது, உருகிய பனியைக் குடித்தே ஊதிப்போன பெரிய ஏரி.

"உச்சியில பாறை தெரியுதுண்ணே," என்றது சின்ன ஏரி.

"உன் கண்ணு கலங்கல்!" என்று மலை அதட்டியது.

அப்போது வந்த மேகம், "பனி கொட்டட்டுமா?" என்று கேட்டது.

"எனக்கெதுக்கு? இல்லாதவனுக்குக் கொடு!"

மேகம் வடக்கே போய்விட்டது.

கோடை முடிந்ததும் மலை முதல்முறையாகக் குனிந்து பார்த்தது. சின்ன ஏரி இருந்த இடத்தில் வெறும் சேறு. பெரிய ஏரியில் ஒரு கறுப்புத் தலை.

"அண்ணே," என்றது பெரிய ஏரி, "கறுப்பு உங்களுக்கு என்ன எடுப்பா இருக்கு!"