பூக்காத விஸ்டேரியா

“வேரோட பிடுங்கிடுங்கம்மா. ஏழு வருஷம் பொறுத்தாச்சு.”

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் சொன்னது மதில் சுவரில் படர்ந்திருந்த விஸ்டேரியாக் கொடியைப் பற்றி. திராட்சைக் குலை மாதிரி ஊதாப் பூக்கள் சரம் சரமாகத் தொங்க வேண்டிய கொடி அது. இன்றுவரை இலையைத் தவிர எதையும் காட்டியதில்லை.

நர்சரிக்காரப் பெண்மணி பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

“பிடுங்குறதுக்கு என்ன சார், எப்ப வேணா பிடுங்கலாம். ஏன் பூக்கலன்னு முதல்ல பாத்துடறேன். விதையில வந்ததா, ஒட்டுச் செடியா?”

“ஒட்டு.”

“அப்ப மூணு நாலு வருஷத்துலயே பூத்திருக்கணும். உரம் என்ன போடுறீங்க?”

“மாசாமாசம் யூரியா.”

“தீனி கூடிப்போச்சு. அதான் இலையாத் தள்ளுது. நிறுத்திடுங்க. கிளை கழிக்கிறதுண்டா?”

“குளிர்காலத்துல ஒட்ட வெட்டிடுவேன்.”

“வரவேண்டிய மொட்டையும் சேத்து வெட்டியிருக்கீங்க. கோடையில நீளமா ஓடுற தளிரை அஞ்சாறு இலை விட்டுக் கிள்ளுங்க. குளிர்ல ரெண்டு மூணு கணு விட்டு வெட்டுங்க.”

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் புருவத்தைச் சுருக்கினாள். டிரைவர் வீட்டுப் பக்கம் முழுக்க நிழல். சுவருக்கு அந்தப் பக்கம் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

“சார், பெரிய சிக்கலே இதுதான். கொடி அந்தப் பக்கம் இறங்கினாத்தான் பூக்கும்.”

“தெரியும். வருஷா வருஷம் ஏணி போட்டு நானும் அந்தப் பக்கம்தான் ஏத்தி விடுறேன். பக்கத்து வீட்டு ஆளு திருப்பி அனுப்பிடுறான். என் வீட்டு இலைகூட அவனுக்கு ஆகாது.”

“அங்க பூத்தா உங்களால பாக்க முடியாதே?”

“நான் பாக்கணும்னு யாரு சொன்னா?” என்றார் வெடுக்கென்று. “நாளைக்குச் சுவரை ரெண்டடி உசத்தக் கொத்தனார் வர்றார். அதுக்குள்ள இதை எடுத்துடுங்க.”

அவள் ஏணியில் ஏறினாள். சுவரின் உச்சியில் ஒரு தளிர்கூட வெட்டுப்படவில்லை. ஒவ்வொன்றும் நிதானமாகப் பிரிக்கப்பட்டு, இந்தப் பக்கம் வளைக்கப்பட்டு, மெத்தென்ற துணிக் கிழிசலால் கட்டப்பட்டிருந்தது. தண்டில் ஒரு கீறல் இல்லை. ஆகாதவன் போடும் முடிச்சாக அது தெரியவில்லை.

“அரை மணி நேரம் குடுங்க சார். பேசிட்டு வர்றேன். இது கண்டிப்பாப் பூக்கும், நான் பொறுப்பு.”

பக்கத்து வீட்டின் முன்னறைதான் தையல் கடை. நரைத்த மீசைக்காரர் ஒருவர் மிஷினை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தார்.

“மதில்மேல இருக்கிற கொடியைத் திருப்பிக் கட்டுறது நீங்களா?”

“நான்தான்.”

“பிடிக்கலன்னா வெட்டிவிட்டிருக்கலாமே. கத்தரிக்கோல் கையிலேயே இருக்கு.”

“வெட்ட மனசு வருமாம்மா? ஆசையா வளக்குறது.”

“அப்ப ஏன் இந்தப் பக்கம் விடமாட்டேங்கிறீங்க? வெயில் இங்கதானே இருக்கு. இங்க வந்தா குலை குலையாப் பூக்கும்.”

தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தார்.

“அதுக்குத்தாம்மா விடுறதில்ல. இங்க பூத்தா நான்ல பாத்துட்டு உக்காந்திருப்பேன்? சின்ன வயசுலேர்ந்து பூன்னா அவருக்கு உசுரு. பேச்சு நின்னு போனா என்ன, அண்ணன் வளத்த பூவை அண்ணன்தானே பாக்கணும்?”