எங்கே எடுத்த ரத்தம்

இயந்திரம் நாலு புள்ளி எட்டு என்று காட்டியது. காஞ்சனா மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதே நாலு புள்ளி எட்டு.



மெட்டுகுடாவில் இறந்துபோன வேதாசலத்தின் ரத்தம் அது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். தினமும் டிஜாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிட்டு வந்தவர். ரத்தத்தில் அது இரண்டைத் தாண்டினாலே ஆபத்து. மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் மருமகள் சாருலதா. அள்ளிக் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று நாத்தனார் புகார் கொடுத்தாள். அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையிலிருந்த சாருலதாவின் கணவன் வந்து சேர்வதற்குள் அவளைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

ஆய்வகத் தலைவர் சுந்தரேசன் எட்டிப் பார்த்தார். "கையெழுத்தப் போட்டுக் குடும்மா. இன்ஸ்பெக்டர் காலையிலேர்ந்து உக்காந்திருக்கார்."

போட எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பெண்ணின் வாழ்க்கை அதோடு போச்சு. காஞ்சனா பேனா மூடியைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள்.

போன மாதப் பயிற்சியில்தான் சொல்லிக் கொடுத்தார்கள். உயிர் போன பிறகு இந்த மருந்து இதயத் தசையிலிருந்து ரத்தத்தில் கசியும். அங்கே எடுத்த ரத்தம் கூடுதலாகத்தான் காட்டும். தொடையில் எடுத்ததை ஓரளவு நம்பலாம்.

புட்டியின் சீட்டில் ரத்தம் என்று மட்டும் எழுதியிருந்தது, எங்கே எடுத்தது என்று இல்லை.

பிணவறைக்குப் போன் போட்டாள். எடுத்தவர் அப்துல் ரஹீம், லாலாகுடாவில் தமிழர்களோடு வளர்ந்தவர்.

"ஹவ், ஆமா மேடம், நெஞ்சுலேர்ந்துதான் எடுத்தோம். தொடை ரத்தமும் தனியா இருக்கு. யாரும் கேக்கல, அனுப்பல."

ஒரு மணி நேரத்தில் அது வந்து சேர்ந்தது. ஓட்டிவிட்டு, திரையைப் பார்க்கத் தெம்பில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

ஒன்று புள்ளி நாலு. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இருக்கவேண்டிய அளவு.

நல்ல வேளை கேட்டாயே என்றார் சுந்தரேசன். இன்ஸ்பெக்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

காஞ்சனா மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனதும் மூலையிலிருந்த அலமாரியைத் திறந்தாள். பயிற்சி முடிந்த நாளிலிருந்து அவள் கிட்டேயே போகாத அலமாரி. மூன்று வருடத்துக்கு முந்தைய கோப்பு ஒன்றைத் தேடி எடுத்தாள். மாரெட்பள்ளி வழக்கு. மாமியாருக்கு இதே மாத்திரை. மருமகள் பெயர் கனகவல்லி, ஆயுள் தண்டனை.

எடுத்த இடம், இதயம். அளவு, ஐந்து புள்ளி ஒன்று. கீழே காஞ்சனாவின் கையெழுத்து, நன்றாகச் சுழித்துப் போட்டது.

மூன்று வருடத்துக்கு முன் அன்றைக்கு, தொடை ரத்தம் கேட்டு அவள் யாருக்கும் போன் போடவில்லை.