முடியாத சவுனா

நீராவிக் குளியலறையான சவுனாவுக்குள் நின்று, தாபியோ வியர்க்க விறுவிறுக்க ஒரு பலகையைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். வாசலில் மனைவி கைசா போனும் கையுமாகப் பொரிந்து தள்ளினாள்.

“கேளும்மா இந்தக் கூத்தை. பனி விழறதுக்கு முன்னாடி சவுனாவைப் பிரிச்சுப் போட்டான். ஏரியே உறைஞ்சு போச்சு, இன்னும் பலகை அடிக்கிறான். பசங்களை ஸ்கேட்டிங்குக்குக் கூட்டிட்டு நான்தான் அலையறேன். இவன் கையில சுத்தியலைக் கொடுத்தது என் தப்பு.”

ஸ்பீக்கரில் மாமியார் அலுத்துக்கொண்டாள். “மாப்பிள்ளையைத் திட்டாதடி. ஆனா சவுனா இல்லாத வீட்டுக்குச் சனிக்கிழமை வந்து நான் என்ன பண்ண? முடிஞ்சதும் சொல்லு, வந்து ஒரு மாசம் இருக்கேன்.”

“சரிம்மா.” கைசா ஈர விரலால் போனை அமுக்கி, உள்ளே உட்காரும் பலகைப் படிகளில் கீழ்ப்படியில் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, மேல்படியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். “அடிச்சது போதும், தண்ணி ஊத்து.”

தாபியோ சுத்தியலைப் போட்டுவிட்டு, இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு, அடுப்பில் தகிக்கும் கற்கள்மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினான். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

ஈர விரலுக்கு அணையாத போன் கீழ்ப்படியிலிருந்து பேசியது.

“இந்தச் சத்தம் எனக்குத் தெரியாதாடி? அடுப்பை அணைச்சிடாதே, கிளம்பிட்டேன்.”