தைரியம் சொன்னவர்

“நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா?”

தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் நின்று வீரய்யா கங்காணி போட்ட சத்தத்தில், வரிசையாக ஒட்டியிருந்த அத்தனை காம்பராக் கதவும் திறந்துகொண்டது.

சோலைமலைக்கு உயிரே போன மாதிரி இருந்தது. மாதக்கணக்காக யாருக்கும் தெரியாமல் மூடி மூடி வைத்திருந்த விஷயம்.

“கங்காணியாரே, மெதுவா. பொம்பளைங்க இருக்காங்க.”

“இருக்கட்டுமே! கண்டி ஆஸ்பத்திரிக்குப் போயி ஆப்பரேசன் செஞ்சுக்கன்னு டிஸ்பென்சர் ஐயா சொல்லிட்டாரு. இவரு போக மாட்டாராம். கூச்சமாம். பயமாம்!”

சோலைமலை வீரய்யா கங்காணிக்குக் கீழே கவ்வாத்து வெட்டுகிறவன். மலைமலையாகத் தேயிலைச் செடியை வெட்டித் தள்ளுகிற கை. அவனுக்கு ஆசனவாயில் ஒரு வெடிப்பு. காலையில் வெளிக்குப் போய் வந்தால் கண்ணாடித் துண்டு கிழித்த மாதிரி எரியும். மத்தியானம் வரை அடங்காது. அதற்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தான். குறைக்கக் குறைக்க மலம் இறுகியது. இறுகியதால் மறுபடி கிழிந்தது.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா களிம்பு கொடுத்தார். வெந்நீரில் உட்காரச் சொன்னார். பெண்சாதி பூரணி கீரையாக ஆக்கிப் போட்டாள். கொஞ்சம் ஆறும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பிளந்துகொள்ளும்.

“இனிமே இது மருந்துக்குக் கேக்காது சோலமல,” என்றார் டிஸ்பென்சர் ஐயா. “உள்ளாற சதை இறுகிப்போயி ஆற விட மாட்டேங்குது. அதக் கொஞ்சம் வெட்டித் தளர்த்தி விட்டாத்தான் சரியாகும்.”

“வெட்டுனப்புறம் அடக்க முடியாமப் போச்சுன்னா என்னங்க ஐயா செய்றது?”

“எங்கயாவது ஒருத்தருக்குக் கொஞ்சம் அப்படி ஆகலாம். ஆகவே ஆகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். யோசிச்சுச் சொல்லு.”

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டேதான் இருந்தான்.

கங்காணி தலை மறைந்ததும் பூரணி கொதித்தாள். “இந்த மனுசனுக்கு யாரு சொன்னது? லயமே கேக்க இப்படியா மானத்த வாங்குறது!”

மறுநாளும் வந்தார் கங்காணி. இந்தத் தடவை குரல் உயரவில்லை.

“நேத்து கத்துனதத் தப்பா எடுத்துக்காத பூரணி. இவன் எலும்பும் தோலுமா ஆயிட்டான். மலையில நின்னா காலு நடுங்குது. கவ்வாத்துக் கத்தி வழுக்குனா என்ன ஆகும்? தோட்டத்துத் தொரைகிட்ட நான் லீவு கேக்குறேன். கூடவும் வர்றேன். காலம் மாறிப்போச்சு சோலமல. இங்கிலீசு வைத்தியத்த நம்பணும். நானா இருந்தா இந்நேரம் போயிட்டு வந்திருப்பேன்.”

சோலைமலை பெண்சாதியைப் பார்த்தான்.

“போயிட்டு வாங்க,” என்றாள் அவள். “தெனம் காலையில நீங்க பல்லக் கடிக்கிற சத்தம் என் காதுலதான விழுகுது. அடக்க முடியாமப் போனா போகட்டும், தொவைச்சுப் போட நான் இருக்கேன்.”

வட்டவளையில் ரயில் ஏறினார்கள். உட்கார முடியாமல் கண்டி வரைக்கும் சோலைமலை நின்றுகொண்டே வந்தான். கங்காணியும் உட்காரவில்லை.

“நீங்க உக்காருங்க கங்காணியாரே.”

“நீ நிக்கிறப்ப எனக்கென்னடா உக்காரல்?”

சோலைமலைக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆப்பரேசன் முடிந்து மயக்கம் தெளிந்தபோதும் கட்டிலோரம் அவர்தான் நின்றார். “வலிக்குதாடா? எப்படி வலிக்குது? பழைய வலிய விட அதிகமா, கொறைச்சலா?” அடுத்த நாள், “வெளிக்குப் போனியா? அடக்க முடியுதா? மறைக்காமச் சொல்லு!” டாக்டர் வருகிற நேரம் மட்டும் வெற்றிலை வாங்கப் போய்விடுவார். மற்றபடி கேள்விமேல் கேள்வி. பெற்ற தகப்பன்கூட இப்படி விசாரித்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டான் சோலைமலை.

புண் ஆறியது. பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. வயிறாரச் சாப்பிட்டான். மலைக்குப் போனான். “கங்காணின்னா இவருல்ல கங்காணி!” என்று லயமே பேசியது. திட்டின வாயாலேயே பூரணியும் பேசினாள்.

திரும்பக் காட்ட வரச்சொன்ன நாளில் இருவரும் மறுபடி கண்டிக்குப் போனார்கள். டாக்டர் அறை வாசலிலேயே கங்காணி நின்றுவிட்டார்.

“நீ போயிட்டு வா. நான் இங்கன நிக்கிறேன்.”

“அதெப்படி? நீங்க இல்லேன்னா நான் இங்க வந்திருப்பேனா? டாக்டருக்கு ஒங்களக் காட்டியே ஆகணும்!”

கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான்.

சிங்கள டாக்டர் அவனைச் சோதித்துப் பார்த்தார். “ஹொந்தாய்! நல்லா ஆறிட்டது.” கையைக் கழுவிக்கொண்டே திரும்பியவர், மூலையில் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த கங்காணியைக் கண்டு சிரித்துவிட்டார்.

“ஆ, கங்காணி! போன வருசம் மேசையில ஏறுறதுக்கு முந்தி ஓடினதுதானே? வேற ஆளுக்கு வெட்டுறத முதல்ல பாக்கணும் சொன்னதுதானே? இப்ப பாத்தாச்சி. உங்களுக்கு எப்ப வெட்டுறது?”

கங்காணி தலைப்பாகையை அவிழ்த்தார். கட்டினார். மறுபடி அவிழ்த்தார்.

“அது வந்துங்க டாக்டர்... மலையில கவ்வாத்து நடக்குது... தொரை விட மாட்டாரு...”

சோலைமலைக்கு ஜிவ்வென்று ஏறியது. சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வாய் வரை வந்தது. ஆனால் கங்காணியின் தொடை வேட்டிக்குள் வெடவெடவென்று ஆடுவதைப் பார்த்தான். அந்த ஆட்டம் அவனுக்குத் தெரியும்.

அவர் கையை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“டாக்டர் ஐயா, இன்னைக்கே இவருக்கு ஒரு கட்டில் போட்டுக் குடுங்க. ஓடிறாம நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”