காலியாக இருந்த கட்டம்

சரக்கே இல்லாத கடைக்கு விலைப்பட்டியல் எழுதுகிறார் என்று அகராதிக்காரரை அவர் மனைவி கேலி செய்வாள். பால்டிக், ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான, யாரும் எழுதிவைக்காத ஒரு பழைய மொழியின் சொற்களை ஊகித்து எழுதுவது அவர் வேலை.

அன்று காலை கரடியின் முறை. பெயரைச் சொன்னால் வந்து நின்றுவிடும் என்ற பயத்தில் அந்த மொழியின் வழிவந்த ஸ்லாவிய ஜனங்கள் அதைத் 'தேன்தின்னி' என்றே சொல்லிச் சொல்லி, உண்மைப் பெயரைத் தொலைத்திருந்தார்கள். அவர் அதை மீட்டு, வேற்றுமை அட்டவணையை நிரப்பினார். கூப்பிடும் வடிவத்துக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதையும் எழுதி, ஓசை சரிதானா என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார்.

கீழே வாசல் கதவு திறந்தது.

"என்னங்க, யாரையாவது வரச் சொன்னீங்களா?" என்று மனைவி குரல் கொடுத்தாள். "நீங்கதான் கூப்பிட்டீங்களாம். ஆள் நல்ல வாட்டசாட்டம், நாற்காலி பத்தாம தரையிலயே உட்கார்ந்துட்டார். தேன் இருக்கான்னு வேற கேக்குறார்!"

அவள் சிரிப்பது கேட்டது. பிறகு ஏதோ புட்டி உருண்டது.

"இந்தாம்மா!" என்று அவர் கத்தினார். பதில் இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். முப்பது வருஷமாக 'இந்தாம்மா' என்றே அழைத்த மனைவியின் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.