கரையானுக்குக் கிடைத்த வேலை

ஊரெல்லையில் பிரம்மாண்டமான மரச்சாமான் கடை வரப்போகிறது என்று, '300 பேருக்கு வேலை' எழுதிய பலகையை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த கரையான் வடமலை மீசையை நீவிக்கொண்டு கிளம்பியது. வாட்ச்மேன் ஓணான் உள்ளே விட்டது.

மேனேஜர் பல்லி கேட்டது: "முன் அனுபவம் இருக்கா?"

"ரெண்டு கட்டில், ஒரு ஊஞ்சல், பஞ்சாயத்து ஆபீஸ் கதவுல பாதி சார்."

"மீதிப் பாதி?"

"பெயிண்ட் அடிச்சுட்டாங்க சார்."

பல்லி ஒரு தேக்கு அலமாரியைக் கடிக்கச் சொன்னது. வடமலை கடித்த வேகத்தில் துப்பியது.

"சார், இது மரமே இல்ல. மரத்தூளப் பசை போட்டு ஒட்டியிருக்காங்க."

"வேலையில சேந்துடு. இத மட்டும் வெளிய சொல்லாத."

கடை திறந்தது. அலமாரி மேல் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வடமலைக்கு வேலை. "பாருங்க, கரையானே தொடாது," என்று பல்லி காட்டக் காட்ட, வந்தவர்களெல்லாம் அசந்துபோனார்கள்.

மூன்றாம் நாள் வடமலைக்குப் பசி தாங்கவில்லை. கடை முழுக்கத் தேடியதில் அசல் மரம் வாசலில் மாட்டியிருந்த அந்த வேலை அறிவிப்புப் பலகை ஒன்றுதான். ஏறி இரண்டு பூஜ்ஜியத்தையும் தின்றுவிட்டது.

பல்லி வந்து அண்ணாந்து பார்த்தது. வாயைத் திறந்தது. வடமலைக்கு உயிரே போய்விட்டது.

"இருக்கட்டும் விடு," என்றது பல்லி. "நீ, நான், ஓணான். சரியாத்தான் இருக்கு."