நாற்காலிக்கு இரண்டு ஜோடி சாக்ஸ்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜிம் மாஸ்டர் தரையில் மண்டியிட்டு நாற்காலிக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். நூறு கிலோவை அலட்சியமாகத் தூக்குகிற கைகள் அந்தப் பூப்போட்ட குட்டி சாக்ஸை விரிக்க முடியாமல் திண்டாடின.

"நல்லா மேல இழுத்து விடுங்க. மரக்கால் வழியாத்தான் சக்தியெல்லாம் கீழே இறங்குதாம்" என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் இல்லாமலேயே மைதானத்தை நிறுத்துகிற அந்தக் குரல் நாலு நாளாகக் குசுகுசுப்பாகிவிட்டிருந்தது.

கல்யாணமாகி ஆறு வருஷம், இந்த மூன்றாவது மாடிக்குக் குடிவந்து நான்கு மாதம். நான்கு மாதமும் சண்டைதான். கட்டில் மேல் ஈரத்துண்டு கிடந்தால் சண்டை; கிடக்காவிட்டால் அது எங்கே போச்சு என்று சண்டை. அவர் ஒரு கதவை அறைந்து சாத்தினால் அவள் இரண்டு கதவை அறைந்து சாத்துவாள்.

போன ஞாயிறன்று அவள் பெட்டியை அடுக்கி வாசலோரம் வைத்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வாரம் பார்ப்பாளாம். வீடு இப்படியே இருந்தால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாளாம், திரும்பி வரவே மாட்டாளாம். அவள் சொன்னால் செய்கிறவள்.

நேரம் பார்த்து வந்தது போல, மறுநாள் காலையில் கதவிடுக்கில் ஒரு துண்டுச் சீட்டு. வீட்டில் நிம்மதி இல்லையா, ஃபெங் சுயி என்கிற சீன வாஸ்து முறையில் போனிலேயே ஆலோசனை, கட்டணம் கிடையாது என்று யாரோ கையால் எழுதியிருந்தார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று மனைவி உடனே போன் போட்டாள்.

ஆலோசகரின் குரல் நூலகத்தில் பேசுகிறவர் போலத் தணிந்திருந்தது. அந்தக் குரலிலேயே அவள் பாதி விழுந்துவிட்டாள். முதல் வேலையாக, பால்கனியில் தொங்கிய விண்ட் சைம் மணியைக் கழற்றச் சொன்னார். உலகத்து ஃபெங் சுயிக்காரர்கள் எல்லாம் மணியை மாட்டச் சொல்லும்போது இவர் மட்டும் கழற்றச் சொல்கிறாரே என்று மாஸ்டர் இழுத்தார். சக்திக்குக் கூச்ச சுபாவமாம், சத்தம் கேட்டால் வாசலோடு திரும்பிவிடுமாம். சிரிக்கும் புத்தர் பொம்மை இருக்கலாமாம், அவர் சத்தம் போடாமல்தான் சிரிக்கிறாராம். மாஸ்டர் வாசலோரப் பெட்டியை ஒருமுறை பார்த்தார், ஏணியை எடுத்தார்.

அடுத்து, கூடத்தில் தடிமனான கம்பளம். விடிகாலை ஸ்கிப்பிங் இனிமேல் பூங்காவில், மரத்தைப் பார்த்து. வீட்டுக்குள் நடக்கும்போது குதிகாலை ஊன்றாமல், ஒவ்வொரு அடியையும் உணர்ந்து வைக்க வேண்டும்; மனம் ஒருநிலைப்பட அதுதான் வழி. மாஸ்டர் பழக்கதோஷத்தில் ஜிம்மிலும் அப்படியே நடக்கப்போய், முதுகு பிடித்துக்கொண்டதா என்று நாலு பேர் துக்கம் விசாரித்தார்கள்.

இதற்கெல்லாம் உச்சம், புதன்கிழமை வந்த யோசனை.

"சண்டை போடுங்க மேடம், வேண்டாம்னு சொல்லல. ஆனா ரகசியக் குரல்லதான் போடணும்."

அன்றைக்கே போட்டுப் பார்த்தார்கள். மறுபடி ஈரத்துண்டு விவகாரம்தான். ரகசியமாகத் திட்டினால் எதிராளிக்குக் கேட்பதில்லை. கேட்கவில்லையே என்று அவர் கிட்டே வந்தார். உங்களுக்கு அறிவிருக்கா என்பதை ஒருத்தர் காதுக்குள் சொன்னால் அது கொஞ்சலாகத்தான் இருக்கிறது. அவருக்குக் காது கூசிச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பையும் ரகசியமாகவே சிரிக்க வேண்டியிருந்ததால், இருவரும் ஒரே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரக் குலுங்கினார்கள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படிச் சிரித்ததில்லை.

நான்காவது காலுக்கும் சாக்ஸ் ஏறிவிட்டது. மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் பார்த்தார், சத்தமே இல்லை. ஆனால் அதைக் கொண்டாட அவருக்கு மனசு வரவில்லை. சொன்ன ஞாயிறு வந்துவிட்டது, பெட்டி இன்னும் வாசலோரம்தான் இருந்தது.

மனைவி எழுந்தாள். குதிகாலை ஊன்றாமல், ஒவ்வொரு அடியாக உணர்ந்து உணர்ந்து பெட்டியை நோக்கி நடந்தாள். அவருக்கு அந்தப் பத்தடி தூரம் பத்து மைலாகத் தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியவள், திரும்பி நேரே படுக்கையறைக்குள் போய், பெட்டியைத் திறந்து புடவைகளை அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

"அக்காகிட்ட வரலைன்னு சொல்லிட்டேன்" என்று குசுகுசுத்தாள்.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. சக்தி, குதிகால், மன ஒருமை எல்லாம் பறந்துபோயிற்று. தொண்ணூற்றைந்து கிலோ மனுஷர் ஒரே தாவலில் சோபா மேல் ஏறி, கம்பளம் எட்டாத மூலையில் இரண்டு காலையும் சேர்த்துத் தொம்மென்று குதித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

கீழ் வீட்டில் ஒரு கைக்குழந்தை வீலென்று அலறியது.

மறு நொடியே மனைவியின் போன் அடித்தது. ஆலோசகர்தான். ஆசி வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள். போனுக்குள்ளும் அதே அலறல். அதற்கு மேலே, முதல் முறையாகத் தன் முழுக் குரலில், அழாத குறையாக ஆலோசகர் பேசினார்.

"ஒரு மணி நேரமா தோள்ல போட்டு, இப்பத்தான் சார் தூங்க வெச்சேன்."